மூன்றாவது வாரமும் கிரவுண்டுக்கு வர வைப்பது எப்படி?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம் கிரவுண்டில் நிற்க இடம் இருக்காது. அண்ணன் ஓடுகிறான் என்று தம்பி, தோழி வருகிறாள் என்று தோழி, புது ஷூ வாங்கிய ஜோரில் நாலு பேர் என முப்பது நாற்பது பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ஆடி மாதம் முடிவதற்குள் அதில் பன்னிரண்டு பேர் மிஞ்சினால் பெரிய விஷயம். மற்றவர்களைப் பற்றிக் கேட்டால், "அவனுக்கு இன்ட்ரெஸ்ட் இல்ல சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நின்றுபோன பிள்ளைகளைப் பஸ் ஸ்டாண்டிலும் கோயில் திருவிழாவிலும் பார்த்துப் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. ஓட்டம் பிடிக்காமல் போனவர்கள் ரொம்பக் குறைவு. ஒருவனுக்குக் கடைசி பஸ் கிடைக்கவில்லை. ஒருவனுக்கு முட்டி வலித்தது, சொல்லப் பயம். ஒருத்திக்குக் கூட வந்தவள் நின்றுவிட்டாள். இன்னொருத்திக்குக் கிரவுண்டில் கழிப்பறை இல்லை. பள்ளிப் போட்டிகளின் முதல் படியான குறுவட்டப் போட்டியில் கடைசியாக வந்த ஒரு பையன், "அப்புறம் நீங்க யாருமே கூப்பிடல சார்" என்றான்.

இதில் எதுவுமே பிள்ளையின் மனவுறுதிக் குறை இல்லை. வருவதை நாம்தான் கஷ்டமாக்கி வைத்திருந்தோம். அதை எப்படிச் சுலபமாக்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த உடற்கல்வி ஆசிரியர், தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கும் சீனியர் வீரர், மாலையில் கிரவுண்டு ஓரம் பைக்கில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மா ஆகியோருக்காக எழுதுகிறேன். மனதில் வைத்திருப்பது 10 முதல் 16 வயது வரை உள்ள தடகளப் பிள்ளைகள். கபடிக்கும் கோ-கோவுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதல் படி: அட்டவணை போடுமுன் பஸ் நேரம் கேளுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் செய்வது, ஆறு நாள் அட்டவணை ஒன்றை அழகாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது. அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் நாலே கேள்வி கேளுங்கள். வீடு எங்கே, எப்படிப் போவாய்? டியூஷன் எந்தெந்த நாள்? பள்ளி முடிந்து வீட்டில் உனக்கு என்ன வேலை? உன் தெருவிலிருந்து வேறு யார் வருகிறார்கள்? தண்ணீர் பிடிப்பது, தம்பியை அங்கன்வாடியிலிருந்து கூட்டி வருவது, கடையில் உட்காருவது என்று பதில்கள் வரும். இவற்றைத் தெரிந்துகொள்ளாமல் போடும் அட்டவணை மூன்றாவது வாரம் கிழிந்துவிடும்.

ஆரம்பத்துக்கு வாரம் மூன்று நாள் போதும். எந்த நாள் என்பதை மாற்றவே மாற்றாதீர்கள். திங்கள், புதன், வெள்ளி என்றால் வருடம் முழுக்க அதுதான். பிள்ளைகள் பழகிய பிறகு நாலு, ஐந்து நாளாக ஏற்றலாம். மேல் எல்லைக்கு விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் சுலபமான கணக்கு ஒன்று உண்டு: பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் உச்சவரம்பு, அதை எட்டியே ஆகவேண்டும் என்று அர்த்தமில்லை. பள்ளி அணி, தனிக் கோச்சிங், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும்.

அடுத்தது, "தினமும் ஒழுங்காக வருவேன்" என்று சத்தியம் வாங்காதீர்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்து சொன்ன விஷயம் இங்கே உதவும்: 'இது நடந்ததும் நான் அதைச் செய்வேன்' என்று நேரமும் இடமும் சேர்த்துத் திட்டமிடுகிறவர்கள், வெறுமனே ஆசைப்படுகிறவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். பிள்ளையின் மொழியில் சொன்னால் இப்படி: "கடைசி பெல் அடித்ததும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகாமல், நேராக பி.டி. ரூமுக்குப் போய் டிரஸ் மாத்துவேன்." இதை அவர்களே நோட்டில் எழுதட்டும். ஷூவும் டிரஸ்ஸும் முந்தைய இரவே பையில் ஏறிவிட வேண்டும். காலையில் தேடினால் ஒரு சாக்ஸ் கிடைக்காது. ஒரு சாக்ஸ் இல்லாததாலேயே வராமல் இருந்த பிள்ளையை எனக்குத் தெரியும்.

இரண்டாம் படி: முதல் மூன்று வாரம் அடக்கி வாசியுங்கள்

நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். பயிற்சி கொடுக்க ஆரம்பித்த முதல் வருடம், முதல் நாளே எல்லோரையும் பத்து ரவுண்டு ஓட விட்டேன். நானூறு மீட்டர் மண் டிராக், நாலு கிலோமீட்டர். யார் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்ப்பதாக எண்ணம். மறுநாள் பாதிப் பேர் படியிறங்க முடியாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அதற்கு அடுத்த நாள் மூன்று அம்மாக்கள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். நான் திறமையைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்தது, கடைசியில் ஏற்கெனவே ஓடிப் பழகியவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பியதாக முடிந்தது.

பழக்கமில்லாத உடம்பு புது வேலை செய்தால் ஒன்று முதல் மூன்று நாள் வரை தசை வலி இருக்கும். இரண்டாம் நாள் முதல் நாளைவிட அதிகமாகவும் இருக்கலாம். நமக்கு இது தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. ஏதோ உடைந்துவிட்டது என்றே நினைப்பான். அதனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நாளைக்கும் நாளான்னைக்கும் தொடை பிடிச்ச மாதிரி இருக்கும், பயப்படாதே, நாலாம் நாள் போயிடும். வீட்டிலேயும் சொல்லிடு."

முதல் மூன்று வாரத்துக்கு மொத்தம் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் தாண்ட வேண்டாம். பத்து நிமிடம் வார்ம்-அப், பத்து நிமிடம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மெதுவோட்டம், பதினைந்து நிமிடம் குதித்தல், எறிதல், 30 மீட்டர் வேக ஓட்டம் என்று மாற்றி மாற்றி. மீதிக்கு விளையாட்டு. கிளித்தட்டு, தொடர் ஓட்டம், ரெண்டு கட்சி பிரித்துக் கோ-கோ, எது வேண்டுமானாலும். "இன்னும் ஒரு ஆட்டம் சார்" என்று கெஞ்சும்போது விசில் ஊதி முடித்துவிடுங்கள். அடுத்த முறை அவர்கள் வருவது அந்த ஒரு ஆட்டத்துக்காக.

இன்னொன்று, தாமதமாக வந்தவனை "போ, ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வா" என்று அனுப்பும் பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஓட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் ஓட்டத்தையே தண்டனையாகக் கொடுத்தால் பிள்ளை என்ன நினைப்பான்? வேண்டுமானால் ஹர்டில்ஸை எடுத்து வைக்கச் சொல்லுங்கள், சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: நாற்பது பக்க நோட்டு ஒன்று

செயலி, கைக்கடிகாரம் எதுவும் வேண்டாம். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. நாலு பத்தி: தேதி, என்ன செய்தேன், எவ்வளவு கஷ்டமாக இருந்தது, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன். கஷ்டத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். சும்மா உட்கார்ந்திருப்பது 0, இதற்கு மேல் உயிர் போய்விடும் என்பது 10. பிள்ளையே எழுத வேண்டும். நீங்கள் எழுதினால் அது உங்கள் நோட்டு.

கார்ல் ஃபோஸ்டர் என்ற அமெரிக்க உடற்பயிற்சி விஞ்ஞானி பிரபலப்படுத்திய கணக்கு இது. கஷ்ட எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை வந்துவிடும். நாற்பது நிமிடம், கஷ்டம் 5 என்றால் 200. வாரம் மூன்று நாள் அப்படி என்றால் 600. அடுத்த வாரம் திடீரென்று 1200 ஆகியிருந்தால் தப்பு உங்களுடையது. போட்டி நெருங்குகிறது என்று நாம் பதறும்போதுதான் இப்படி எகிறும். இன்னொரு அடையாளமும் உண்டு. போன மாதம் 4 என்று எழுதிய அதே பயிற்சிக்கு இந்த மாதம் ஒருத்தி 7 என்று எழுதினால் அவளை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். காய்ச்சல் வரப்போவதாக இருக்கலாம், சரியாகச் சாப்பிடாமல் இருக்கலாம், வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம்.

தூக்கப் பத்தியை யாரும் மதிப்பதில்லை. 13 முதல் 18 வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2016-இல் பரிந்துரைத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 112 பள்ளி விளையாட்டு வீரர்களைக் கவனித்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்காக இருந்தது. நம் பிள்ளைகள் நோட்டில் 6, 6, 5 என்று எழுதுவதைப் பார்த்தபிறகு அதிகாலைப் பயிற்சி வைக்கலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மே மாத வெயிலில் காலைதான் வழி. மற்ற மாதங்களில் ஐந்து மணிக்கு எழுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மாதம் ஒருமுறை நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதலை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். கூடவே ஒரு 30 மீட்டர் நேரம். வாராவாரம் அளந்தால் எண் நகராது, பிள்ளை சோர்ந்துவிடும். மாதம் ஒன்று என்றால் பெரும்பாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டராவது ஏறியிருக்கும். தயவுசெய்து எல்லோருடைய எண்களையும் வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டாதீர்கள். கீழே இருக்கும் ஐந்து பேரும் அந்தச் சுவரைப் பார்க்காமலிருக்க வழி தேடுவார்கள், அந்த வழி வீட்டுக்குப் போகும்.

நான்காம் படி: அவர்களும் முடிவெடுக்கட்டும், ஜோடியாக வரட்டும்

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள், மனிதர் ஒரு காரியத்தைத் தானாகத் தொடர்ந்து செய்ய மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்றார்கள்: இது நானே எடுத்த முடிவு என்ற எண்ணம், என்னால் முடிகிறது என்ற உணர்வு, எனக்கென்று இங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நிம்மதி. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஒரு மாதம் உங்கள் கிரவுண்டை இந்த மூன்றையும் வைத்துப் பாருங்கள், எங்கே ஓட்டை என்று தெரியும்.

முடிவெடுக்க விடுவது என்றால் "என்ன வேணும்னாலும் பண்ணுங்க" என்று விட்டுவிடுவதல்ல. இரண்டு வழி கொடுங்கள். "இன்னைக்கு ஆறு தடவை அறுபது மீட்டரா, மூணு தடவை நூத்திருபதா?" உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான், அவர்களுக்கு அது தங்கள் முடிவு. கடைசி விளையாட்டு எது என்று நாளுக்கொருவர் சொல்லட்டும்.

எந்தப் போட்டி என்பதிலும் அவசரம் வேண்டாம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் முதலில் ஆடியது வாலிபால். உயரம் தாண்டுதலுக்குப் போய்ப் பார் என்று திருப்பிவிட்டவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்: ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். பதின்மூன்று, பதினான்கு வயது வரை ஓடட்டும், தாண்டட்டும், குண்டு எறியட்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையை "நீ நூறு மீட்டர்" என்று முத்திரை குத்தினால், நூறு மீட்டரில் அவனைவிட வேகமான ஒருவன் வந்த அன்று அவனுக்குப் போக்கிடம் இருக்காது.

மூன்றாவது தேவையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜும் நித்யா ராம்ராஜும் இரட்டைச் சகோதரிகள், இருவருமே தடை ஓட்டக்காரர்கள். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டிக்கு இருவரும் போனார்கள். வித்யா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 வினாடியில் ஓடி, 1984-இலிருந்து நின்றிருந்த பி.டி. உஷாவின் தேசியச் சாதனையைச் சமன் செய்து, இறுதிப் போட்டியில் வெண்கலமும் வாங்கினார். எல்லா வீட்டிலும் இரட்டையர் பிறக்கப் போவதில்லை, ஆனால் ஜோடி சேர்த்துவிட நம்மால் முடியும். ஒரே தெரு, ஒரே பஸ், கிட்டத்தட்ட ஒரே வேகம் உள்ள இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருத்தி வரவில்லை என்றால் காரணம் கேட்டுச் சொல்வது மற்றவள் பொறுப்பு. ஒரு நாள் விட்டால் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டாவது நாளும் ஆள் இல்லை என்றால் அன்று மாலையே நீங்கள் போன் செய்யுங்கள். திட்டுவதற்கு இல்லை, "என்னாச்சும்மா?" என்று கேட்க மட்டும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பிள்ளைக்குத் திரும்பி வரவே கூச்சமாகிவிடும்.

பிள்ளைகளுக்கு எது பிடிக்கிறது என்பதில் நம் கணிப்பு எவ்வளவு தவறு என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் அமாண்டா விசெக் என்பவரின் குழு, கால்பந்து ஆடும் சிறுவர் சிறுமியரிடமும் அவர்களுடைய பயிற்சியாளர், பெற்றோரிடமும் விளையாட்டில் எது சந்தோஷம் தருகிறது என்று கேட்டு 81 காரணங்களைப் பட்டியலிட்டது. முழு முயற்சியோடு ஆடுவது, பயிற்சியாளர் மரியாதையாக நடத்துவது, அணி ஒற்றுமை எல்லாம் மேலே. ஜெயிப்பது 48-வது இடத்தில்.

ஐந்தாம் படி: வார்ம்-அப்பை அவர்கள் கையில் கொடுங்கள்

முதலில் கைவிடப்படுவது வார்ம்-அப்தான். சலிப்பாக இருக்கும், பலன் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 கால்பந்துச் சிறுமிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2008-இல் வெளிவந்தது. இருபது நிமிட வார்ம்-அப் திட்டம் செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும், கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியளவுக்கும் குறைந்தன. அதை அடிக்கடி செய்தவர்களுக்குக் காயம் இன்னும் குறைவு என்பது பின்னர் தெரிந்தது. மெதுவோட்டம், ஒற்றைக் காலில் சமநிலை, தொடை வலுப்படுத்தல், சரியாகக் குதித்து இறங்குதல், கடைசியில் வேகம் என்று அது போகும்; பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

வாரம் இரண்டு பேரைத் தலைவர்களாகப் போடுங்கள். முன்னால் நின்று நடத்துவது அவர்கள், நீங்கள் பின்னால். கடைசி வரிசையில் நின்று கிண்டலடிக்கிற பையனை முதல் தலைவனாகப் போட்டால் அந்த வாரம் கிண்டல் இருக்காது. ஏன் செய்கிறோம் என்பதையும் சொல்லுங்கள். "ஒற்றைக் காலில் குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கக் கூடாது, மடங்கினால் அங்கேதான் கிழியும்" என்று ஒருமுறை காட்டிவிட்டால் அவர்களே ஒருவரையொருவர் திருத்துவார்கள்.

ஆறாம் படி: பெண் பிள்ளைகள் ஏன் எட்டாம் வகுப்பில் நின்றுவிடுகிறார்கள்

எந்தப் பயிற்சிப் புத்தகமும் இதை நேராகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். மாதவிடாய், டிரஸ், கழிப்பறை, இருட்டு. இந்த நாலையும் சரிசெய்யாமல் பெண் பிள்ளைகளிடம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசாதீர்கள்.

இருட்டு முதலில். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். ஐந்தரைக்குப் பயிற்சி முடிய வேண்டும். ஒரே பக்கம் போகிறவர்கள் சேர்ந்து கிளம்ப வேண்டும். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா போனிலிருந்து ஒரு மெசேஜ். டிரஸ்ஸுக்கு ஷார்ட்ஸ்தான் போட வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். டிராக் பேன்ட், ஷார்ட்ஸுக்குள் சைக்கிளிங் டைட்ஸ், தொளதொளப்பில்லாத எதுவும் சரி. விருப்பப்பட்டு வந்த டிரஸ்ஸில் பத்து நிமிடம் ஓடினால் மற்றது தானாக நடக்கும். கழிப்பறைச் சாவியை வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கும்படி வைக்காமல் பிள்ளைகள் கையெட்டும் இடத்தில் வையுங்கள். பி.டி. ரூமில் நாப்கின் பாக்கெட் எங்கே இருக்கிறது என்பது எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் கேட்காமலேயே தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் ஆண் என்றால் ஒரு பெண் ஆசிரியையோ சீனியர் அக்காவோ இந்தப் பேச்சைப் பேசட்டும். "முடியாத நாளில் வந்து உட்கார்ந்து நேரம் எடு, இல்லை மெதுவா நட, ஏன்னு சொல்ல வேண்டாம்" என்ற விதி ஒன்று போதும்.

வயதுக்கு வந்த பிறகு "இனிமே எதுக்கு ஓட்டம்" என்று வீட்டில் ஒரு குரல் எழும். பெரும்பாலும் அது பாட்டியின் குரல். அப்பாவைப் பள்ளிக்கு அழைத்துப் பேசிப் பயனில்லை. ஒருநாள் மாலை பாட்டியையும் அம்மாவையும் கிரவுண்டுக்கு வரச் சொல்லி, நிழலில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். யார் யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்கு முடிகிறது என்று கண்ணால் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

உடம்பைப் பற்றி இரண்டு விஷயம். மாதவிடாய் வந்துகொண்டிருந்த பிள்ளைக்கு மூன்று மாதம் தொடர்ந்து நின்றுபோனாலோ, 15 வயதாகியும் வரவில்லை என்றாலோ டாக்டரிடம் அனுப்புங்கள். செய்கிற வேலைக்குத் தேவையான அளவு சாப்பிடவில்லை என்பதன் அறிகுறியாக இருக்கலாம், எலும்பு பலவீனமாகும். இரண்டாவது, ரத்தசோகை. சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, சோம்பேறி என்று நாம் முடிவு கட்டும் பிள்ளைக்கு இரும்புச்சத்துதான் குறைவாக இருக்கலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற மாத்திரையைப் பையில் போட்டுக்கொள்ளாமல் சாப்பிட்டபின் விழுங்குகிறாளா என்று பாருங்கள்.

ஏழாம் படி: வலி வந்தால் வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

பெண்கள் 11, 12 வயதிலும் ஆண்கள் 13, 14 வயதிலும் கிடுகிடுவென்று வளர்வார்கள். அப்போது முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும், அல்லது குதிகால் வலிக்கும். ஓடுகிற, குதிக்கிற பிள்ளைகளுக்குச் சகஜம். கை கால் நீண்டுவிட்டதால் நேற்று வரை நன்றாக ஓடிய பையன் தடுமாறுவான், நேரமும் இறங்கும். இந்த ஆறு மாதத்தில் "என்னடா, சாப்பாடு மட்டும் இறங்குதா?" என்று கேட்டுவிட்டால் அவனை மறந்துவிடலாம்.

"வலி சரியானதும் வா" என்பது அன்பாகச் சொல்லி அனுப்பிவைக்கும் வார்த்தை. மூன்று வாரம் கழித்து வலி போயிருக்கும், பழக்கமும் போயிருக்கும். வந்து நேரம் எடுக்கட்டும், டேப் பிடிக்கட்டும், கைக்கும் வயிற்றுக்குமான பயிற்சி செய்யட்டும், குதிப்பதை மட்டும் நிறுத்துங்கள். நொண்டினால், வீங்கினால், இரவில் தூக்கத்தைக் கெடுத்தால், இரண்டு வாரமாகியும் குறையவில்லை என்றால் டாக்டர். சுளுக்கு எடுப்பவரிடம் முதலில் போகிற வழக்கத்தை எப்படியாவது தடுங்கள், குறிப்பாக வளர்கிற எலும்பில்.

எட்டாம் படி: வீட்டாரிடம் பேச வேண்டியது

"இன்னைக்கு எத்தனாவது வந்தே?" என்பதுதான் பைக்கில் ஏறியதும் அப்பா கேட்கும் முதல் கேள்வி. பதிலாக "இன்னைக்கு என்ன விளையாண்டீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். டிராக்கின் ஓரம் நின்று கைமுட்டியை இன்னும் ஆட்டு என்று கத்தும் அப்பாக்களுக்கு நான் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து அடுத்த கோடியில் நிற்க வைத்துவிடுவேன்.

விளையாட்டு ஒதுக்கீட்டைப் பற்றியும் கேட்பார்கள். கல்லூரியில் இடம் உண்டு, தமிழக அரசு வேலையில் 3 சதவீதம் உண்டு, உண்மைதான். எந்த நிலைப் போட்டியில் எந்த இடம் வந்தால் தகுதி என்று அதற்கான அரசாணையைப் பார்த்துச் சொல்லுங்கள், வாய்க்கு வந்ததைச் சொல்லாதீர்கள். பதினோரு வயதுப் பிள்ளையைச் சேர்க்கும்போதே அதைச் சொல்லி ஆசைகாட்டினால் முதல் மாவட்டப் போட்டியில் பதக்கம் இல்லை என்றதும் அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

சாப்பாடு சுருக்கமாக: மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை நாலரைக்கு வெறும் வயிற்றில் ஓடுகிறது. பள்ளி முடிந்ததும் ஒரு வாழைப்பழமோ, கடலை உருண்டையோ, ஒரு கை சுண்டலோ போதும். டப்பாவில் விற்கும் பவுடர் எதுவும் தேவையில்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம்.

ஒன்பதாம் படி: போட்டிக்கு அடுத்த திங்கட்கிழமை

குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்று பள்ளிப் போட்டிகள் படிப்படியாகப் போகும். கூட்டிக்கொண்டு போகிற பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் முதல் படியிலேயே வெளியேறுவார்கள். அதிகம் பேர் நின்றுபோவது இதற்கு அடுத்த வாரம்தான். ஜெயித்த மூவரோடு பயிற்சியாளர் அடுத்த சுற்றுக்கு மும்முரமாகிவிடுவார், மற்றவர்களுக்குத் தாங்கள் இனி வர வேண்டுமா என்பதே தெரியாது.

போட்டிக்கு முன்பே ஆளுக்கொரு குறி வையுங்கள், பதக்கத்தோடு சம்பந்தமில்லாமல். தவறில்லாத ஸ்டார்ட், நீளம் தாண்டுதலில் மூன்று முறையும் பலகையின் கோட்டைத் தாண்டி மிதிக்காமல் குதிப்பது, தன் பழைய நேரத்தைக் குறைப்பது என்று ஏதாவது. கடைசியாக வந்தாலும் அதில் ஜெயிக்கலாம். திரும்பி வரும் பஸ்ஸிலேயே "திங்கட்கிழமை நாலரை, எல்லாரும்" என்று சொல்லிவிடுங்கள். 'எல்லாரும்' என்பதை அழுத்திச் சொல்லுங்கள். அன்று பயிற்சி வேண்டாம், விளையாட்டு மட்டும்.

பத்தாம் படி: மழைக்கும் பரீட்சைக்கும் ஒரு குட்டித் திட்டம்

வடகிழக்குப் பருவமழையில் கிரவுண்டு குளமாகும். மார்ச்சில் பொதுத்தேர்வு வரும். இரண்டும் வருடா வருடம் வருவதுதான், ஆனாலும் வருடா வருடம் நாம் திடுக்கிடுகிறோம். பன்னிரண்டு நிமிடத்தில் முடிகிற, வராண்டாவிலோ வீட்டு மொட்டை மாடியிலோ செய்யக்கூடிய ஒன்றை ஜூலையிலேயே பழக்கிவிடுங்கள்: தோப்புக்கரணம், தண்டால், ஒற்றைக் கால் சமநிலை, படியேறுதல், கயிறு தாண்டுதல். மழை நாளில் பயிற்சி ரத்து என்று சொல்லாமல் "இன்னைக்குப் பன்னிரண்டு நிமிடம்" என்று சொல்லுங்கள். நோட்டிலும் எழுத வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஜனவரி முதல் வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் என்று குறைத்துக் கொடுங்கள். முழுக்க நிறுத்தியவர்களில் தேர்வுக்குப் பின் திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

பழக்கம் எத்தனை நாளில் வரும் என்று கேட்பார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் பார்த்தபோது நடுமட்டக் கணக்கு 66 நாள் வந்தது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. அது தினமும் செய்கிற சின்னக் காரியங்களுக்கு. வாரம் மூன்று நாள் வரும் பிள்ளைக்கு இன்னும் கூடுதலாகவே ஆகும், முதல் பருவம் முழுக்க நீங்கள்தான் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெட்டுப்போகவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஒரு நாள் வராத பிள்ளையிடம் அதைச் சொல்லுங்கள்.

திரும்பி வருபவர்கள்

எவ்வளவு செய்தாலும் சிலர் போவார்கள். அவர்களில் சிலர் இரண்டு மாதம், ஆறு மாதம் கழித்து கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். பெரும்பாலும் வீட்டு டிரஸ்ஸில், ஷூ இல்லாமல். "என்னடா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்காதீர்கள். நான் செய்வது இதுதான்: டேப்பின் ஒரு முனையை நீட்டி "கொஞ்சம் பிடி" என்பேன். அன்று முழுக்க அளந்து கொடுத்துவிட்டுப் போவான். அவனுடைய பழைய நோட்டைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டேன். போகும்போது அதைக் கையில் கொடுத்து, அடுத்த பயிற்சி என்றைக்கு என்று சொல்வேன். வந்தால் முதல் வாரம் மறுபடியும் நாற்பது நிமிடம்தான், கூட இருப்பவர்கள் எவ்வளவு முன்னால் போயிருந்தாலும்.